மாஸ்டர் உயரம்

"பிலோமி, இந்தக் கிட்டார் கெட்டுப்போச்சு" என்றார் லாசரஸ் மாஸ்டர்.

"என்ன கெட்டுப்போச்சு?"

"அழுத்தினா கம்பி இறங்க மாட்டேங்கு. வெறச்சுக்கிட்டு நிக்கி."

பிலோமி கிட்டாரை வாங்கி மடியில் கிடத்தினாள். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, கழுத்தில் குறுக்கே பதித்த பிரெட் என்னும் உலோகப் பட்டைகளில் பன்னிரண்டாவதன் மேல் நிறுத்தினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"கம்பி உசரம் நாலு மில்லி. போன வருசமும் நாலுதான். அதுக்கு முந்தின வருசமும் நாலுதான். கிட்டார் அப்படியேதான் இருக்கு மாஸ்டர்."

மாஸ்டர் திரும்பித் தெருவைப் பார்த்தார். யாரும் இல்லை. தூத்துக்குடியில் மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைக்காரர்கள் பாதிக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். அதனால்தான் அந்த நேரமாகப் பார்த்து வந்திருந்தார். இருட்டில் ஒளிந்து ஒளிந்து போனால் நாலு பேர் கண்ணில் பட்டே ஆக வேண்டும். மத்தியானத்தில் ஊரே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்.

ஒளிய வேண்டிய காரணம் இருந்தது.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தாறு. மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில் முப்பது வருடமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் யார் சேர்ந்தாலும் முதல் நாள் பாடம் கிடையாது. ஒரு சீட்டு கொடுப்பார். அந்தச் சீட்டோடு புதுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பிலோமியின் கிட்டார் பழுதுபார்க்கும் கடைக்குப் போக வேண்டும்.

சீட்டில் எப்போதும் ஒரே வாசகம். 'கம்பியை நாலு மில்லிக்கு ஏற்றவும். குறைக்க வேண்டாம். விரல் பழக வேண்டும். லாசரஸ்.'

கடையில் வாங்குகிற கிட்டாரில் கம்பி இரண்டரை மில்லி உயரத்தில் இருக்கும். புதிதாகப் பிடிக்கிறவர்களுக்கு அதுவே வலிக்கும். நாலு மில்லி என்றால் கம்பி விரல் நுனியை அறுக்கும். அறுக்கட்டும் என்பார் மாஸ்டர். தாங்குகிறவன் வாசிப்பான், தாங்காதவன் வீட்டுக்குப் போவான். வீட்டுக்குப் போனவர்களை அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

பிலோமி அதற்கு 'மாஸ்டர் உயரம்' என்று பெயர் வைத்திருந்தாள். முப்பத்தாறு வயதுக்காரி. கிட்டாரில் ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாது. ஆனால் உடைந்த கிட்டாரைத் தட்டிப் பார்த்தே எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பேச்சுதான் கொஞ்சம் குறைவு.

"சரி, நீயே சொல்லு" என்றார் மாஸ்டர். "கம்பி எவ்வளவு உசரத்துல இருந்தா சரி?"

"யாருக்கு?"

"இதென்ன கேள்வி? கிட்டாருக்குத்தான்."

"கிட்டாருக்கு விரல் கிடையாதே மாஸ்டர்."

பிலோமி கிட்டாரை அவரிடம் திருப்பி நீட்டினாள்.

"ஒரு எஃப் கார்டு பிடிங்க."

ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டிய பிடி அது. அவர் முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தது. இப்போது பிடித்தார். ஒலித்தது மூன்று கம்பிதான். மற்றவை தகரத்தைத் தட்டியதுபோல் செத்த சத்தம் போட்டன.

பிலோமி அவர் கையைப் பார்த்தாள். விரல் கணுக்கள் வீங்கியிருந்தன. அவர் கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ரெண்டு வருசமா இருக்கு" என்றார். "காலையில வெந்நீர்ல முக்கி வச்சாத்தான் மடங்குது. போன ஞாயித்துக்கிழமை பூசையில பாதிப் பாட்டுல கை நின்னு போச்சு. பாட்டுக்காரப் பிள்ளைங்க சமாளிச்சுட்டாங்க. இன்னும் பத்து நாள்ல திருவிழா. முதல் பாட்டுக்கு முன்னாடி நான் மட்டும் தனியா வாசிக்கணும். ஊர் பூராவும் உக்காந்திருக்கும்."

"ம்."

"இறக்கிக் குடு பிலோமி. ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. முக்கியமா என் கிளாஸ் பிள்ளைங்களுக்கு."

பிலோமி கையை நீட்டினாள்.

"சீட்டு?"

"என்ன சீட்டு?"

"உங்க கிளாஸ் கிட்டாரு எதையும் சீட்டு இல்லாம தொடக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே? இது உங்க கிளாஸ் கிட்டாருதானே?"

"என் கிட்டாருக்கு நானே சீட்டு எழுதணுமா? விளையாடுதியா?"

"எவ்வளவு உசரம், எதுக்காக. ரெண்டே வரி. எழுதிட்டு வாங்க, கால் மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்."

மாஸ்டர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார். கோபத்தில் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டார். பிலோமி சொல்லவில்லை. தெருமுனை போய்த்தான் அவருக்கே தெரிந்தது.

வீட்டில் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

'கம்பியை இரண்டரை மில்லிக்கு இறக்கவும்' என்று எழுதினார். அது சுலபமாக வந்தது.

எதுக்காக?

'விரல் வலிக்கிறது' என்று எழுதினார்.

எழுதியதைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். ஆனால் அந்த வார்த்தையை அவரிடம் வேறு யார் யாரோ சொல்லியிருக்கிறார்கள். விரல் வலிக்கு மாஸ்டர். விரல் வலிக்கு மாஸ்டர். ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு பதில் வைத்திருந்தார்.

ரோசலினுக்குச் சொன்ன பதில்தான் முதலில் ஞாபகம் வந்தது.

ரோசலின் நாற்பத்திரண்டு வயதுப் பெண். மீன் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. சின்ன வயதிலிருந்து கிட்டார்மேல் ஆசையாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் முடிக்க வைத்துவிட்டு, போன வருடம் தனக்கென்று ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு வந்து வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள். மூன்று மாதம் வந்தாள். ஒரு கார்டுகூடச் சரியாக ஒலிக்கவில்லை. ஐஸில் ஊறிய விரலில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. ஒருநாள் விரலைத் தூக்கிக் காட்டி, "ரொம்ப வலிக்கு மாஸ்டர்" என்றாள்.

மாஸ்டர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "இறால் உரிக்கிற விரல் வேற, கிட்டார் பிடிக்கிற விரல் வேற" என்று சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். ரோசலினும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

அன்றைக்கு அவருக்கு அது நல்ல நகைச்சுவையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம்கூடச் சொல்லிக் காட்டினார். இப்போது அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தபோது காது மடல் சுட்டது. தனியாகத்தான் இருந்தார். ஆனாலும் யாரோ பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

சீட்டைக் கிழித்துப் போட்டார்.

இன்னொரு தாளை எடுத்தார். வெகுநேரம் யோசித்து, 'வெளியூரிலிருந்து வரும் விருந்தினர் ஒருவர் வாசிப்பதற்காக' என்று எழுதினார். நல்ல பொய்தான். எழுதி முடித்ததும் அவருக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாளும் அதே இரண்டு மணிக்குக் கிட்டாரோடு வந்தார்.

பிலோமி சீட்டை இரண்டு முறை படித்தாள்.

"விருந்தாளி யாரு?"

"மதுரையில இருந்து ஒருத்தரு."

"அவரு விரலை நான் பாக்கணுமே. கூட்டிட்டு வாங்க."

"அவரு திருவிழாவுக்குத்தான் வருவாரு."

"அப்ப திருவிழாவுக்கே இறக்கிக்கிடுவோம்."

மாஸ்டர் நின்றார். பிலோமி ஒரு கிட்டாரின் பழைய கம்பியைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால் அவர் இன்னொரு பொய் சொல்லியிருப்பார்.

"பொய் பிலோமி" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "எனக்குத்தான். என் விரலுதான் வலிக்கு. அதை எழுத முடியல. வெக்கமா இருக்கு."

பிலோமி எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய கிட்டார்களில் ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள்.

தலைப்பகுதியில் சின்னதாக ஒரு மாதா படம் ஒட்டியிருந்தது. மாஸ்டருக்கு யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"ரோசலின் அக்கா வித்துத் தரச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க" என்றாள் பிலோமி. "நேத்து போன் பண்ணினாங்க. விக்க மனசு வரலியாம். வாசிக்காட்டியும் பரவாயில்ல, வீட்டுச் செவுத்துல மாட்டி வச்சுக்கிடுதேன்னாங்க. இன்னிக்கு வேலை விட்டு மூணரைக்கு வருவாங்க."

"இதை எதுக்கு எங்கிட்ட குடுக்க?"

"இறக்குங்க."

"நானா?"

"உசத்தச் சொன்னது நீங்க. உசத்தினது நான். உங்க சீட்டைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டுச் செஞ்சேன். அந்த அக்கா விரலைப் பாத்த பிறகும் ஒரு வார்த்தை பேசல. எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு. இறக்குறதையாவது நீங்க செய்யுங்க. உங்க கிட்டாரைப் பெறவு பாப்போம்."

கம்பிகள் ஏறி உட்காருகிற வெள்ளைத் துண்டுக்கு சேடில் என்று பெயர். அதை உயர்த்தினால் கம்பி உயரும், இறக்கினால் இறங்கும். மாஸ்டர் கம்பிகளைத் தளர்த்தினார். குறடால் சேடிலைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

அடியில் மூன்று பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. பழைய ஏடிஎம் கார்டை மெல்லிசாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள் பிலோமி.

மாஸ்டர் அவற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வெட்டிப் போட்ட நகம்போல் இருந்தன. ஊதினால் பறந்துவிடும்.

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சேடிலைத் திரும்பச் செருகினார். கம்பியை முறுக்கினார். கணுவில் வலி குத்திக் குத்தி இழுத்தது. கால் மணி நேர வேலை அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிலோமி உதவிக்கு வரவில்லை.

முடித்ததும் எஃப் கார்டு பிடித்தார். ஆறு கம்பியும் பேசின. அந்த வீங்கிய விரலுக்கே பேசின.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் கிட்டார் தலையிலிருந்த மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று திரும்பக் கம்பியைத் தளர்த்தினார். உப்புத்தாளைத் தரையில் விரித்து சேடிலின் அடியைத் தேய்க்கத் தொடங்கினார்.

"என்ன பண்ணுதீங்க?"

"இன்னும் கொஞ்சம் இறக்குதேன். ஐஸ்ல ஊறுற விரல். துளிகூட வலிக்கக் கூடாது."

"ரொம்ப இறக்கினா கம்பி பிரெட்டுல உரசி இரையும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நிறுத்தவில்லை. பிலோமி குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மாஸ்டர். அவங்க விரலுக்கு இறக்குதீங்களா, உங்க மனசுக்கு இறக்குதீங்களா?"

மாஸ்டர் உப்புத்தாளை வைத்துவிட்டார். சேடிலைத் துடைத்து மறுபடி செருகினார். கம்பியை ஏற்றிச் சுருதி சேர்த்தார். நல்லவேளை, அதிகம் தேயவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால் தாண்டியிருந்தது.

"நான் கிளம்புதேன் பிலோமி."

"உங்க கிட்டாரு?"

"நாளைக்கு வாரேன். அவ வரும்போது நான் இங்க இருந்தா நல்லாயிருக்காது."

"யாருக்கு?"

அவர் வாசலுக்கு வந்தார். படியில் ரோசலின் நின்றிருந்தாள்.

"மாஸ்டர்! நீங்க இங்கனயா?"

சொல்லிவிட்டு ரோசலின் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் இறால் வாடை. மாஸ்டரும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். இரண்டு பேரும் கையை மறைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் பிலோமி. கிட்டாரை நீட்டினாள். "பிடிச்சுப் பாருங்க."

"ஐயய்ய, வேண்டாம். மாஸ்டர் முன்னாலயா? எனக்கெல்லாம் அது வராதுன்னு மாஸ்டருக்கே தெரியும்."

"ஒரே ஒரு தடவை."

ரோசலின் கையை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். முதல் மாதம் படித்த சி கார்டைத் தேடித் தேடி விரல் வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுத்தினாள்.

கார்டு ஒலித்தது.

அவள் பல்லைக் கடித்தபடியே இருந்தாள். வலி வரட்டும் என்று காத்திருப்பது நன்றாகத் தெரிந்தது. வரவில்லை. விரலை எடுத்து நுனியைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். மறுபடி ஒலித்தது.

"என்னத்தப் பண்ணின பிலோமி?"

"நான் ஒண்ணும் பண்ணல. மாஸ்டர்தான் உக்காந்து சரி பண்ணினாங்க."

ரோசலின் எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்காகவா மாஸ்டர்? நான் கிளாஸை விட்டு நின்ன பிறகும் நினைச்சு வச்சிருந்தீங்களா? நான் உங்களை மனசுக்குள்ள எம்புட்டு வஞ்சிருக்கேன் தெரியுமா? பாவி நான். மன்னிச்சிருங்க மாஸ்டர்."

மாஸ்டருக்குத் தப்பித்துப் போக வழி அகலமாகத் திறந்து கிடந்தது. 'பரவால்லம்மா' என்று ஒரு வார்த்தை போதும். அவள் ஊரெல்லாம் போய் அவர் புகழைச் சொல்லுவாள். ஒன்பது நாளில் திருவிழா. பிலோமி வாய் திறக்க மாட்டாள், அவருக்குத் தெரியும்.

பிலோமி துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து கையை எடுத்தார். விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் அந்த மூன்று பிளாஸ்டிக் துண்டுகள்.

"என்ன மாஸ்டர் இது?"

"உன் கிட்டாருக்குள்ள இருந்துச்சு. நாந்தான் வைக்கச் சொன்னேன்."

"எதுக்கு?"

"கம்பிய உசத்தறதுக்கு. நீ கடையில வாங்கும்போது கிட்டார் சரியாத்தான் இருந்துச்சு ரோசலின். உன் விரலும் சரியாத்தான் இருந்துச்சு. நடுவுல நாந்தான் இதை வச்சேன்."

ரோசலின் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை. பிறகு மூன்றாவதை.

"மூணு மாசம்" என்றாள். "வீட்டுல போய் விரலைப் பாத்துப் பாத்து அழுதிருக்கேன் மாஸ்டர். இறால் உரிக்கிற விரலுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

"எல்லாரும் சிரிச்சாவ."

"நானும் சிரிச்சேன்."

"அது சரிதான்னு நினைச்சுட்டேன். என் விரலு அதுக்குத்தான் லாயக்குன்னு நினைச்சுட்டேன்." அவள் குரல் உயர்ந்தது. "ஏன் மாஸ்டர்? நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?"

துடைப்பச் சத்தம் நின்றது.

விரல் பழக வேண்டும், தாங்கினால்தான் வாசிக்க முடியும் என்று அவரிடம் முப்பது வருடப் பேச்சு இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. தரையைப் பார்த்தார்.

"எனக்கு எங்க வாத்தியாரு அப்படித்தான் வச்சாரு" என்றார். "பத்து வயசுல. கம்பிக்கு அடியில தீக்குச்சி சொருகுவாரு. ரத்தம் வந்தா, இன்னொரு குச்சி. அது சரின்னு நினைச்சுக்கிட்டேன். சரியில்லைன்னா நான் பட்டதெல்லாம் எதுக்கு?"



ரோசலின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. பிறகு அவள் பார்வை கீழே இறங்கியது. விரித்தபடியே இருந்த அவர் கையை அவள் முதல்தடவையாகப் பார்த்தாள். வீங்கிய கணுக்களை, மடங்காத விரல்களை, நுனியில் காய்த்துக் கறுத்துப்போன தோலை.

துண்டுகளை ஸ்டூலின்மேல் வைத்தாள்.

"வலிச்சுதா மாஸ்டர்?" என்று கேட்டாள் ரோசலின்.

நாற்பத்தாறு வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வாத்தியார் கேட்கவில்லை. வீட்டில் கேட்கவில்லை. அவரே கேட்டுக்கொண்டதில்லை.

மாஸ்டர் தலையை நிமிர்த்தாமல் நின்றார்.

"வலிச்சுதும்மா" என்றார்.